மன்சிக்கிக்குச் செவுள் வைத்த கோடை

ஆர்மஸ் ஹௌதாலா முப்பது வருடத்துக்கு மேல் பால் வண்டி ஓட்டியவர். எங்கள் குரிக்கா ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் அவர் குழாயைச் செருகிப் பால் இழுக்காத தொட்டி கிடையாது. ஆனால் அந்தப் பண்ணைக்காரர்களிடம் அத்தனை வருடத்தில் அவர் பேசியதையெல்லாம் கூட்டிச் சேர்த்தாலும், ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். எங்கள் பக்கத்து ஆண்களே கல்லுளிமங்கன்கள்தான். எங்களுக்கே ஆர்மஸ் கொஞ்சம் அதிகம்.

அவருக்கும் சேர்த்துப் பேசியவள் அவர் மனைவி இர்மெலி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வியாழக்கிழமை பட்டாணிச் சூப்பைக் கிளறிக்கொண்டே, வரிசையில் நிற்கிற அத்தனை பிள்ளைகளையும் பேர் சொல்லித் திட்டக்கூடியவள். திட்டு வாங்கிய பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இரண்டாம் தட்டு கேட்கும். பிள்ளைகள் மேல் அத்தனை ஆசை வைத்திருந்தவளுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக இரண்டு பேரும் அழுது ஓய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நாற்பது வயதில் அவளுக்குப் பந்தயப் பைத்தியம் பிடித்தது. கோடைத் திருவிழாவில் பென்தி மைக்கில், “பெண்கள் போட்டிக்கு ஒரு ஆள் குறையுது, யாராவது வாங்கம்மா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பென்திதான் எங்கள் கார்ச் சங்கத்தின் அறிவிப்பாளர். இர்மெலி சுட்டுக்கொண்டிருந்த பணியாரத்தை அப்படியே விட்டுவிட்டு, ஏப்ரனை அவிழ்த்து ஆர்மஸ் கையில் கொடுத்து, இரவல் காரில் ஏறிவிட்டாள். முதல் வளைவிலேயே வேலியில் மோதி நின்றாள். இறங்கி வந்தவள் சொன்ன முதல் வார்த்தை, “இன்னொரு வண்டி இருக்கா?”

அந்தக் குளிர்காலத்தில் ஆர்மஸ் அவளுக்கு ஒரு கார் கட்டினார். பழைய சின்ன ஜப்பான் கார். உள்ளே இரும்புக் கூண்டு வைத்து, சிவப்பு அடித்து, வேறொரு பெரிய வண்டியின் எஞ்சினை அதன் குட்டி மூக்குக்குள் திணித்தார். இர்மெலி அதற்கு மன்சிக்கி என்று பேர் வைத்தாள். எங்கள் ஊரில் எந்தத் தொழுவத்தில் போய்க் கூப்பிட்டாலும் அந்தப் பேருக்கு ஒரு பசு திரும்பிப் பார்க்கும்.

எங்கள் பந்தயத்தில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டம் முடிந்ததும், ஓடிய எந்தக் காரையும் பந்தய உரிமம் உள்ள யார் வேண்டுமானாலும் சங்கம் வைத்திருக்கிற ஒரே விலைக்குக் கேட்கலாம். சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் உரிமம் போய்விடும். இரண்டு மூன்று பேர் கேட்டால் குலுக்கல். பணம் உள்ளவன் காரில் பணத்தைக் கொட்டி ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த சட்டம் இது.

சட்டம் போட்டவர்கள் அதை மட்டும்தான் நினைத்தார்கள். ஆனால் வாயைத் திறந்து ‘நன்றாக ஓட்டினாய்’ என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத எங்கள் ஜனங்கள், அதைச் சொல்ல இந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு காருக்கு மூன்று சீட்டு விழுந்துவிட்டால், அந்த ஆள் திட்டிக்கொண்டே காரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போவான். அடுத்த குளிர்காலத்தில் வேறொன்றைக் கட்டிக்கொள்வான்.

மன்சிக்கியை இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரியும். பெரிய எஞ்சின், சின்ன மூக்கு, உள்ளே காற்றுப் போக வழியில்லை. முதல் ஓட்டம் பறக்கும். இரண்டாவதில் சூடு காட்டுகிற முள் ஏறும். இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டால், பாதி வழியில் பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பி, இர்மெலி ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வேலி ஓரத்திலிருந்து, “அக்கா, உருளைக்கெழங்கு வெந்துருச்சா?” என்று கத்துவார்கள். அவளும் “உப்புதான் பத்தல, எடுத்துட்டு வா!” என்று பதிலுக்குக் கத்துவாள். பிறகு சாயங்காலம் பென்தி ஒலிபெருக்கியில் கேட்புச் சீட்டுகளைப் படிக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பாள்.

ஒரு வருடம் பனி உருகுகிற சமயத்தில் டாக்டர்கள் இர்மெலியின் கணையத்தில் புற்றுநோய் இருப்பதைச் சொன்னார்கள். அறுத்து எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஆர்மஸ் சாவியைத் திருப்பவில்லை. இர்மெலிதான் முதலில் பேசினாள்.

“பால்காரரே, இந்தக் கோடைய ஓட்டிரலாம்னு டாக்டர் சொல்றாரு. அப்படின்னா ஒரு பந்தயம் ஓட்டிரலாம்.”

“முடியுமா உன்னால?”

“ஓட்டறது என் பாடு. கொதிக்காம பாத்துக்கறது உன் பாடு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். பென்தி மைக்ல மன்சிக்கின்னு படிக்கணும். இத்தன பேரு கேட்டிருக்காங்கன்னு சொல்லணும். ஒருத்தரா இருந்தாலும் போதும்.”

“கேட்டா குடுக்கணும்.”

“குடுத்துரு. நான் போனப்புறம் அது உனக்கு எதுக்கு? அதுல உன் தொப்பை நுழையவே நுழையாது.”

ஆர்மஸ் வண்டியை எடுத்தார். அவருக்கு அந்தக் கார் வேண்டும். அதன் இருக்கை இர்மெலி உட்கார்ந்து உட்கார்ந்து அவள் உடம்புக்குப் பதிந்திருந்தது. கியர்க் கம்பியின் தலையை அவள் உள்ளங்கை தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது. மற்ற சாமான்கள் எல்லாம் இரண்டு பேருடையவை, இது ஒன்றுதான் முழுக்க அவளுடையது. அவள் போன பிறகு எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது என்று அவர் வீடு வருகிறவரை யோசித்தார். இது ஒன்றுதான் தோன்றியது. அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மன்சிக்கி கொதிக்காமல் இருக்க வேண்டுமானால் பானெட்டில் செவுள் வைக்க வேண்டும். மீனுக்கு இருக்கிற மாதிரி, தகட்டில் வரிசையாகப் பிளவுகள். ரேடியேட்டரைத் தாண்டி வந்த சூடான காற்று, உள்ளேயே முட்டி மோதாமல் மேலே கிளம்பிப் போக ஒரு வழி. எந்தச் செவுள் என்பதில் முதல் சண்டை வந்தது.

ஆர்மஸ் காயலான் கடையில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். ஏதோ பழைய டர்போ காரின் பானெட்டிலிருந்து அறுத்த கறுப்புப் பிளாஸ்டிக். தடிமனாக, மண் அடித்தாலும் உடையாததாக இருந்தது. அதைக் கொண்டுவந்து காபி மேசைமேல் வைத்தார்.

இர்மெலி விரலால் அதைத் தள்ளிப் பார்த்தாள். “என்ன இது, சாக்கடை மூடியா?”

“காத்து நல்லா போகும்.”

“போகும். பாக்கறவனும் போயிருவான். நான் காட்டறேன் பாரு.” போனில் அவள் பார்த்து வைத்திருந்தது இங்கிலாந்தில் யாரோ அடித்து விற்கிற அலுமினியத் தகடு. ஒவ்வொன்றிலும் அழுத்தியெடுத்த ஐந்து செவுள்கள், பளபளவென்று, பின்பக்கம் பார்த்த வாய்கள். பானெட்டின் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. “நடுவுல ஒண்ணு வெச்சா தழும்பு மாதிரி இருக்கும். ரெண்டு வெச்சாதான் முகம் முகமா இருக்கும்.”

“மெல்லிசா இருக்கு. கல்லடிச்சா நெளிஞ்சிரும்.”

“ஒரு நாள் நெளியாம இருந்தா போதும்யா.”

ஆர்மஸ் பிளாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லடியைப் பற்றி அவருக்கு நிஜமாகவே கவலை இல்லை. அந்த அலுமினியம் அழகாக இருந்தது. அழகாக இருந்தால் எவனாவது கேட்டுவிடுவான். தனக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடுவது தெரிந்ததும் அவருக்கே அசிங்கமாகப் போய்விட்டது. எழுந்து போய் அந்தப் பிளாஸ்டிக்கைக் குப்பையில் போட்டார். “இங்கிலாந்துக்கே எழுது” என்றார்.

அடுத்தது எங்கே வைப்பது. முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் பானெட்டுக்கு அடியில் விட்டங்கள் கிடையாது, வெட்டுவது சுலபம். அங்கேதான் வைப்பதாக ஆர்மஸ் கோடு போட்டிருந்தார். இர்மெலி ஒத்துக்கொள்ளவில்லை. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று நூல் ஒட்டிப் பார்க்கலாம் என்றாள். வேறு சங்கத்து ஆட்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குள் போய், பின்னல் கூடையிலிருந்து ஊசியோடு தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்து வந்தாள்.

“இது எனக்குன்னு சொன்னியே” என்றார் ஆர்மஸ்.

“ஒரு கால் முடிஞ்சுது. இன்னொரு கால் முடியாது. நீ என்ன ஒத்தக் காலுக்கா போடுவே?” என்று சொல்லிக்கொண்டே நுனியைப் பிடித்து இழுத்தாள். காலுறை விறுவிறுவென்று பிரிந்து நூலாகிப் போனது. அவள் அதை விரல் நீளத்துக்கு வெட்டி வெட்டிப் போட்டாள். ஆர்மஸ் குனிந்துகொண்டு பானெட் முழுக்க ஒவ்வொன்றாக டேப்பால் ஒட்டினார். நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

எரிபொருளுக்காக மண் வெட்டியெடுக்கிற சதுப்பு நிலத்துக்கு நடுவே நேரே ஓடுகிற மண் சாலை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஈ காக்கை இருக்காது. மன்சிக்கியை அங்கே இறக்கினார்கள். இர்மெலி ஓட்ட, ஆர்மஸ் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்து பானெட்டையே பார்த்தார். வேகம் கூடியதும் நடுவில் இருந்த நூல்கள் படுத்துக்கொண்டன. கண்ணாடிக்குக் கீழே, அவர் கோடு போட்டிருந்த இடத்தில், நூல்கள் தலைகீழாக முன்பக்கம் புரண்டு துடித்தன. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் இருந்தவை மட்டும் எழுந்து நின்று நடுங்கின.

“பாத்தியா, பாத்தியா!” என்று இர்மெலி கூவினாள். “நீ சொன்ன எடத்துல ஓட்டை போட்டிருந்தா காத்து உள்ளதான் போயிருக்கும். என்னை அவிச்சு எடுத்திருப்பே. அங்க பாரு, எந்திரிச்சு நிக்குது பாரு, அங்கதான் உறிஞ்சுது.”

பிறகு வண்டி மெதுவாகி நின்றது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தாள். வலி போகிறவரை ஆர்மஸ் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வெள்ளை நூல்கள் அடங்கிக் கிடந்தன.

தகடுகள் வந்து சேர்ந்ததும் ஒரு சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தார். பானெட்டைக் கழற்றி மரக்கட்டைகள் மேல் போட்டு, அட்டையில் அச்சு வெட்டி, டேப் ஒட்டி அளவு குறித்தார். மூலைகளில் துளை போட்டு, அறுவை இயந்திரத்தை உள்ளே விட்டு மேல் தகட்டை வெட்டினார். இர்மெலி கம்பளியைப் போர்த்திக்கொண்டு பட்டறை பெஞ்சில் படுத்தபடி, “கோணலாப் போகுது, கோணலாப் போகுது” என்று சொல்லிச் சொல்லி, அப்படியே தூங்கிவிட்டாள்.

பானெட்டுக்கு இரண்டு தோல். மேல் தகடு, அதற்கு அடியில் இன்னொரு தகடு. மேலே மட்டும் வெட்டிச் செவுளை ஆணி அடித்துப் பொருத்திவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். அடித் தகட்டை விட்டுவிட்டால் ஒரு துளி காற்றுப் போகாது. மன்சிக்கி வழக்கம்போலக் கொதிக்கும். வழக்கம்போல யாரும் கேட்க மாட்டார்கள். கார் வீட்டிலேயே இருக்கும். இர்மெலி கவிழ்ந்து படுத்து அடியில் பார்க்கப் போவதில்லை, அவளால் குனியவே முடியாது.

ஆர்மஸ் இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பெஞ்சிலிருந்து மூச்சு வருவதும் போவதும் கேட்டது. பிறகு பானெட்டைத் திருப்பிப் போட்டு, அடித் தகட்டையும் வெட்டினார். விட்டங்களைத் தொடாமல், இரண்டு விட்டங்களுக்கு நடுவே, எவ்வளவு வெட்டலாமோ அவ்வளவும் வெட்டினார். அரத்தால் முனைகளை ராவினார். துரு பிடிக்காத பூச்சு அடித்தார். ஆணிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்து அடித்தார். அவ்வளவு சுத்தமான வேலை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. அவளுக்குத் துரோகம் செய்யவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

துரோகத்தை அடுத்த வாரம் செய்தார்.

பந்தயத்துக்கு முன்னால் சோரமாக்கியில், பழைய சரளைக் குழியில் இருக்கிற எங்கள் பந்தயப் பாதையில், எல்லாரும் கூடித் தூசி அடங்க உப்புத் தூவுவது வழக்கம். ஆர்மஸும் மண்வெட்டியோடு போனார். அங்கே வந்திருந்த ஒவ்வொருவரையும் தனியாக ஓரமாக அழைத்துப் போய், ஒரே பேச்சைச் சொன்னார்.

“இர்மெலிக்கு இதான் கடைசிக் கோடை. அவ போனப்புறம் அந்தக் கார் எனக்கு வேணும். நீ கேக்காதே.”

ஆர்மஸ் வாயிலிருந்து இத்தனை வார்த்தை கோவையாக வந்து அவர்கள் கேட்டதே இல்லை. தலையாட்டினார்கள். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் தலையாட்டினால் கையெழுத்துப் போட்ட மாதிரி. துய்ரே லத்வாலா மட்டும் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டயர்க் கடையில் வேலை செய்கிறவள், பெண்கள் போட்டியில் நாலு வருடமாக எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிறவள். ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. பிறகு அவளும் தலையாட்டிவிட்டு உப்பை அள்ளப் போனாள். இர்மெலியின் ஆசை என்ன என்று ஆர்மஸ் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பந்தய நாளில் வெயில் அடித்தது. முதல் ஓட்டம், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்று முடிந்ததும் ஆர்மஸ் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு முள்ளைப் பார்த்தார். முள் நடுவிலேயே நின்றது. செவுள்களின்மேல் கை வைத்தால் சூடான காற்று உள்ளங்கையில் முட்டிக்கொண்டு வந்தது. இர்மெலி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கழற்றினால் மறுபடி போடத் தெம்பு இருக்காது என்றாள்.

இறுதிப் போட்டியில் ஆறு கார்கள். மன்சிக்கி நாலாவதாகக் கிளம்பி, பாதியில் மூன்றாவதானது. கடைசிச் சுற்றில் சரளை மேட்டு வளைவில், துய்ரே கொஞ்சம் வெளியே அகலமாகப் போன இடைவெளியில், இர்மெலி உள்பக்கமாக நுழைந்து அவளைத் தாண்டினாள். வேலி ஓரத்தில் யாரும் உருளைக்கிழங்கைப் பற்றிக் கத்தவில்லை. இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டாள். ஆர்மஸ் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. இறங்கியதும் கையுறையைக் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, வெறுங்கையைப் பானெட்டில் வைத்தாள்.

“பாரு, கை வெக்க முடியுது.” அவள் கண்ணெல்லாம் சிரித்தது. “நல்லா வெச்சிருக்கே பால்காரரே.”

ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார். சர்க்கரை தூவிய வடை ஒன்றை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பென்தி தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். ஜெயித்த காருக்கு ஐந்து பேர். துய்ரே காருக்கு மூன்று பேர். இரண்டாவது ஓட்டத்திலேயே சக்கரம் கழன்று ஓடிய ஒரு காரைக்கூட ஒருவன் கேட்டிருந்தான். ஒவ்வொரு பேருக்கும் இர்மெலியின் முகவாய் லேசாக உயர்ந்து இறங்கியது.

“இத்தோட முடிஞ்சுது. பத்திரமா வீடு போய்ச் சேருங்க” என்றார் பென்தி.

அவள் கொஞ்ச நேரம் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வடையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, “சரி, வண்டிய ஏத்து” என்றாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் கேட்டாள். “செவுள் நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

“ரெண்டாவதா வந்தும் ஒருத்தனும் கேக்கல பாரு. கிழவி ஓட்டின வண்டி யாருக்கு வேணும்.”

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் வண்டியை ஓரங்கட்டிச் சொல்லியிருந்தால் அவள் அவரை நாலு சாத்து சாத்தியிருப்பாள். சாத்திவிட்டு, திரும்பி சோரமாக்கிக்கே ஓட்டச் சொல்லியிருப்பாள். ஆர்மஸ் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கோடையில் அவள் பட்டறைப் பக்கமே போகவில்லை.

காட்டில் சிவப்புப் பழங்கள் பழுக்கிற சமயத்தில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இனி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு மத்தியானம், நர்ஸ் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனதும், ஆர்மஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். சொன்னால் அவளுக்கு மனசு ஆறும் என்று நினைத்தார்.

“மன்சிக்கிய யாரும் கேக்காததுக்குக் காரணம் நான்தான். கேக்க வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

இர்மெலி கண்ணைத் திறந்தாள். “ஏன்?”

“எனக்கு வேணும்னு.”

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். கோபப்படவில்லை. கண்ணில் கொஞ்சம் வெளிச்சம்கூட வந்தது. முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். “அப்போ கேக்கறதா இருந்தாங்களா? எத்தன பேரு?”

இதை ஆர்மஸ் யோசித்தே பார்க்கவில்லை.

“தெரியாது. எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டேன்.”

“நீ சொன்னப்போ யாராவது ஏதாவது சொன்னாங்களா? ‘ஐயய்யோ, நான் கேக்கலாம்னு இருந்தேனே’ன்னு?”

“இல்ல.”

“துய்ரேகூட?”

“தலையாட்டினா.”

“ஒருத்தர்கூட எதுத்துப் பேசலையா?”

வாழ்நாளில் ஒரு பொய் தேவைப்பட்டது அந்த ஒரு தடவைதான். துய்ரே சண்டைக்கே வந்தாள் என்று சொல்லியிருக்கலாம். நாலைந்து பேர் முகம் தொங்கிப் போனது என்று சொல்லியிருக்கலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஆர்மஸ் வாயைத் திறந்தார். வந்தது, “இல்ல, எல்லாரும் தலையாட்டினாங்க” என்பதுதான்.

இர்மெலி முழங்கையை எடுத்துவிட்டு மெதுவாகத் தலையணையில் சாய்ந்தாள். “அப்போ நீ சொல்லாம இருந்தாலும் கேட்டிருக்க மாட்டாங்க” என்றாள். அவரைக் குற்றம் சொல்கிற குரலில் இல்லை. சமாதானப்படுத்துகிற மாதிரி அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு குளிர்கிறது, ஜன்னலைச் சாத்து என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

ஆர்மஸுக்குக் கார் மிஞ்சியது. அவர் ஆசைப்பட்டபடியே, குளிர்காலம் முழுக்க அது பட்டறையில் நின்றது. இரண்டொரு தடவை கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தார். தொப்பை நிஜமாகவே இடித்தது. அவள் உட்கார்ந்த இருக்கையில் அவள் நினைவு வரும், அதை வைத்து நாளைத் தள்ளலாம் என்று எண்ணியிருந்தார். வந்ததெல்லாம் அந்த மத்தியானம்தான். ‘ஒருத்தர்கூட எதுத்துப் பேசலையா?’ அதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார முடியவில்லை. வாய்விட்டு யாரிடமாவது கேட்கலாம்தான். ஆனால் மனைவி செத்தவனிடம் எவனும் நல்ல வார்த்தைதான் சொல்வான். அதை நம்பவும் முடியாது.

மறு கோடையில் அவர் பந்தய உரிமம் எடுத்தார். அறுபத்து மூன்று வயதில், ஹெல்மெட் காதை நெருக்க, மன்சிக்கியை சோரமாக்கிக்குக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார். பென்தியிடம் போய், “மைக்ல ஒண்ணு சொல்லிரு. போன வருஷம் நான் சொன்னது இந்த வருஷம் கெடையாது” என்றார். என்ன ஏது என்று விளக்கவில்லை. பென்தி சொன்னதும், சம்பந்தப்பட்டவர்களுக்குப் புரிந்தது.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. பால் ததும்பிவிடும் என்கிற மாதிரி ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டார். முதல் ஓட்டத்திலேயே கடைசி. மன்சிக்கிக்கு வியர்க்கக்கூட இல்லை. சாயங்காலம் அவர் கம்பத்துக்குக் கீழே தனியாக நின்றார்.

“மன்சிக்கி, ஆர்மஸ் ஹௌதாலா” என்று படித்தார் பென்தி. “கேட்டவங்க நாலு பேரு. குலுக்கல்ல துய்ரே லத்வாலா.”

துய்ரே டிரெய்லரைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆர்மஸ் சாவியை நீட்டினார். கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

“பரிதாபப்பட்டுக் கேட்டியா?”

“பரிதாபமா?” துய்ரேவுக்குச் சுருக்கென்றது. “நீங்க ஓட்டினதப் பாத்துப் பரிதாபப்பட்டா வண்டிய உங்களுக்கே விட்டுட்டுப் போயிருப்பேன். அண்ணே, போன வருஷம் அக்கா என்னை மேட்டு வளைவுல உள்ள பூந்து தாண்டினாங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். நீங்க சொன்னதே மறந்துபோச்சு. சீட்டு எழுதி எடுத்துக்கிட்டுப் பொட்டிகிட்ட போயிட்டேன். அங்க போனா, இன்னும் ரெண்டு பேரு கையில சீட்டோட நின்னுக்கிட்டிருக்காங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்புறம் ஒண்ணும் பேசாம மூணு பேரும் திரும்பி வந்துட்டோம்.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“சொல்லணும்னு தோணல. உங்களுக்குத்தான் கார் வேணும்னீங்க.” பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்காவுக்குத் தெரியும்தானே? நீங்க சொல்லியிருப்பீங்கதானே?” என்றாள்.

ஆர்மஸ் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். “மூணு பேரு” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று துய்ரேவுக்குப் புரியவில்லை. “மூணு பேரு, இர்மெலி.” பிறகு, குரிக்காவில் யாருமே பார்த்திராத மாதிரி, அந்தச் சரளைக் குழியின் நடுவில், அத்தனை பேர் எதிரிலும் அவர் சத்தம் போட்டு அழுதார்.